கரண்டு வைக்கிற இடத்தில் முதல் நாள்

பிசியோதெரபி ஆஸ்பத்திரியில் போன் எடுத்து நேரம் கொடுக்கிற வேலை எனக்கு. அந்த நாற்காலியில் இருந்துகொண்டே என் வலது தோள் பூட்டிக்கொண்டது.

கை நெஞ்சு உயரம் வரை வரும். அதற்கு மேல் வராது. முதுகுப் பக்கம் போகவே போகாது. சட்டையின் வலது கையை வீட்டுக்காரி மாட்டிவிட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, வீட்டுக்குள் நடக்கிறது. ஆனால் காலையில் ஆஸ்பத்திரியின் இரும்பு ஷட்டரைத் தூக்க வேண்டியது நான். அதற்கு இரண்டு கையும் வேண்டும்.

எதிரில் டீக்கடை வைத்திருக்கிற மாடசாமி என் சோட்டுக்காரன், ஒத்த வயசு. அவன்தான் தினமும் தூக்கிவிட்டான். டாக்டரம்மா வருவதற்குள் ஷட்டர் மேலே போயிருக்கும். யார் தூக்கியது என்று ஷட்டர் சொல்லாது.

ஏன் மறைத்தீர் என்று கேட்பீர்கள். பாத்திரக்கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்து பார்த்தேன். ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை நாள் கிடப்பான்? டாக்டரம்மா எஸ்தர், ராஜபாளையம் ரோட்டில் ஆஸ்பத்திரி திறந்தபோது, வருகிறவர்களைச் சத்தம் போட்டு வரிசையில் உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று விசாரித்திருக்கிறார். சங்கரன்கோவிலில் எல்லாரும் என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த வேலை. ஷட்டர் தூக்க முடியாத கிழவன் என்று தெரிந்தால் போய்விடும். மறுபடியும் ஃபேன்.

முதுகுவலி, முட்டிவலி, கழுத்துவலிக்காரர்களே, நீங்களும் ஒருநாள் இப்படி ஓர் இடத்துக்குப் போன் போடத்தான் போகிறீர்கள். போட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

நேரம்

பிசியோதெரபி என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. "கரண்டு வைக்கிற இடந்தானே?" என்பார்கள். ஆமாம் என்றுவிடுவேன். கரண்டு எல்லாருக்கும் வைப்பதில்லை என்று விளக்கப் போனால் பொழுது போய்விடும். பேர், வயசு, எங்கே வலி, எத்தனை நாளாக, சுகர் பிரஷர் உண்டா, ஆபரேஷன் செய்திருக்கிறதா, எக்ஸ்ரே இருக்கிறதா, கூட யார் வருவார்கள். இவ்வளவுதான் நான் கேட்பது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

சிவகிரியிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி. முதுகு. புதன்கிழமைக்குக் கேட்டார். பத்தரை வரைக்கும் ஆள் இருக்கிறது, பதினொன்றுக்கு வாருங்கள் என்றேன். காலண்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அது குளிகைலா அண்ணாச்சி. குளிகையில எதைத் தொடங்கினாலும் திரும்பத் திரும்ப நடக்கும். முதல் தடவை வாரதை அதுல வைக்கலாமா?" என்றார். சரி, பன்னிரண்டரை. அது ராகு காலம். சாயங்காலம் வாருங்கள். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் இருக்காது, நின்றுகொண்டு வந்தால் முதுகு தாங்காது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க பாருங்க, இது ஒரு தடவை வந்துட்டுப் போற சோலி இல்ல. நீங்க எந்த நேரத்துல வந்தாலும் டாக்டரம்மா திரும்பத் திரும்ப வரத்தான் சொல்லுவாங்க" என்றேன். காலண்டர் மறுபடியும் புரண்டது. யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அப்படின்னா பதினொண்ணே போட்டுருங்க அண்ணாச்சி. எப்படியும் திரும்ப வரணும்னா, அதுக்குன்னு உள்ள நேரத்துலயே வந்துருதேன்."

உடுப்பு

போனை வைக்கும் முன் இன்னொன்று சொல்வேன். தளர்வான உடுப்பு போட்டு வாருங்கள். முட்டிவலிக்காரர் முட்டியைக் காட்ட வேண்டும், தோள்வலிக்காரர் தோளைக் காட்ட வேண்டும். இறுக்கமான பேண்ட்டில் வந்து, அதை முழங்காலுக்கு மேல் சுருட்ட முடியாமல் உள்ளே மல்லுக்கட்டியவர்கள் உண்டு. வேட்டிக்காரர்களிடம், உள்ளே அரை டிராயர் போட்டு வரச் சொல்வேன். சத்தமாகத்தான் சொல்வேன். காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டிராயர் இல்லாமல் ஒருவர் வந்த அன்று சிரிக்க முடியவில்லை.

ராயகிரியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். அறுபதைத் தாண்டியவர். இரண்டு முட்டியும் மடங்கவில்லை. சேலை வேண்டாம், சுடிதார் போட்டு வாருங்கள் என்று, வயசைக் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். "சுடிதாரா?" என்றார். ஆமாம் என்று வைத்துவிட்டேன். மறுநாள் மருமகளின் மாம்பழ நிறச் சுடிதாரில் ஆட்டோவை விட்டு இறங்கினார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தது. இந்த அம்மாவுக்கு அதெல்லாம் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று துப்பட்டாவை இப்படியும் அப்படியும் போட்டுப் பார்த்தார். பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தார்.

போகப் போக முட்டி நன்றாகவே மடங்கியது. படி ஏறினார், இறங்கினார். இனி வீட்டில் பயிற்சி செய்தால் போதும், இங்கே வர வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அம்மா நேராக என் மேஜைக்கு வந்து அடுத்த வாரத்துக்கு நேரம் கேட்டார். அதுதான் குணமாகிவிட்டதே, பிறகு எதற்கு என்றேன்.

"குணமானவுக வரக்கூடாதுன்னு போர்டா போட்டிருக்கு? இதைப் போட்டுக்கிட்டு நான் வேற எங்க போக முடியும், நீங்களே சொல்லுங்க."

கேள்வி

முதல் நாள் என்ன செய்வார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஊசி கிடையாது. மாத்திரை கிடையாது. கேள்விதான். குனிந்தால் வலிக்கிறதா, நிமிர்ந்தால் வலிக்கிறதா. காலையிலா, படுத்த பிறகா. எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள். என்ன வேலை, எவ்வளவு கனம் தூக்குவீர்கள். பிறகு நடக்கச் சொல்வார். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார். கையோ காலோ எவ்வளவு தூரம் போகிறது என்று அளப்பார். அமுக்கிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

பூ மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவர் ஒருவர் இடுப்பு வலி என்று வந்தார். ஒரு குவியல் மல்லிகையைக் கண்மூடித் திறப்பதற்குள் விற்றுவிடுகிற மனுஷன். அவரை உள்ளே வெகுநேரம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்? வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. "ஊசி போடல. கரண்டு வைக்கல. நட, திரும்பு, நில்லுன்னு சொன்னாங்க. இதுக்கா நான் கடையை விட்டுட்டு வந்தேன்?" என்றார். உங்கள் இடுப்பைப் பற்றி உங்களிடம் கேட்காமல் பின்னே என்னிடமா கேட்பார் என்றேன். கொஞ்சம் தணிந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"எனக்குப் பொண்ணு கொடுத்த மாமனார்கூட இத்தனை கேள்வி கேக்கல அண்ணாச்சி. கேட்டிருந்தா கொடுத்திருக்கமாட்டாரு."

ஆள் மாறி

குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பேரில் நேரம் வாங்கியிருந்தார்கள். கழுத்துவலி. அந்த நேரத்துக்கு ஒரு பெண்பிள்ளை வந்து உட்கார்ந்தது. பேஷண்ட் எங்கே என்றேன். "அவுக வரல. காட்டுல உளுந்து பறிக்க ஆள் விட்டிருக்கு. மழை வாரதுக்குள்ள எடுக்கணும்லா. நீங்க என்கிட்ட சொல்லிக்கொடுங்க, நான் போய் அவுகளுக்குச் செஞ்சு விட்டுருதேன்" என்றது. இது மிட்டாய் வாங்கிக்கொண்டு போகிற காரியமா என்று சத்தம் போட்டேன். சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்து, அதை உள்ளே கூட்டிப்போனார்.

அவுக எப்படி வலிக்கிறது என்று சொல்கிறார்கள், செய்து காட்டுங்கள் என்றிருக்கிறார். அந்தப் பிள்ளையும் கழுத்தை வலது பக்கம் திருப்பியது. பாதியில் நின்றது. "ஸ்" என்றது. இன்னொரு தடவை திருப்பச் சொன்னார். மறுபடியும் "ஸ்." கடைசியில் அதையே படுக்க வைத்துப் பார்த்தார். புருஷன் தலைச்சுமை தூக்கிய கழுத்து என்றால், இதுவும் அதே காட்டில் அதே சுமையைத் தூக்கிய கழுத்துதானே. உனக்குத்தான் அதிகமாக இருக்கிறது, உன் பேரிலும் ஒரு நேரம் வாங்கிக்கொள் என்று சொல்லியனுப்பினார். என் மேஜைக்கு வந்து தயங்கிக்கொண்டு நின்றது. என்ன என்றேன்.

"அவுக பேரே இருக்கட்டும்னு டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க அண்ணாச்சி. எனக்கு வலிக்குன்னு இனிமதான் நான் அவுகளுக்குச் சொல்லணும்."

புற்றுமண்

எங்கள் கோவிலில் புற்றுமண் பிரசாதம். உடம்புக்கு என்ன வந்தாலும் அதைக் குழைத்துப் பூசுகிற வழக்கம் இங்கே உண்டு. நானும் பூசியிருக்கிறேன். தப்பு சொல்லவில்லை. ஆனால் பூசிக்கொண்டு முதல் நாள் வந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

ஒரு பெரியவர், தறி ஓட்டியவர், முட்டியிலிருந்து கெண்டைக்கால் வரை மண்ணை அப்பிக்கொண்டு வந்துவிட்டார். காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. வீக்கம் எங்கே என்று பார்க்க முடியாது. கரண்டு வைக்கிற பட்டையும் ஒட்டாது. கழுவிவிட்டு வாருங்கள் என்றேன். மாட்டேன் என்றார். அம்மன் கோவில் மண், சாக்கடையில் போகக்கூடாது, போனால் குடும்பத்துக்கு ஆகாது. நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, வரிசை நீண்டுவிட்டது. டாக்டரம்மா வேதக்காரப் பிள்ளை, ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவர். என்ன செய்யப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பேசினை எடுத்து வந்தார். அவர் காலை அதில் வைத்து, வெந்நீர் விட்டு, தன் கையாலேயே கழுவினார். ஒரு சொட்டு சிந்தாமல் அந்தத் தண்ணீரை எடுத்துப்போய் வாசல் வேப்பமரத்து மூட்டில் ஊற்றினார். பெரியவர் எட்டிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, காலை நீட்டினார்.

"அம்மன் பாதி பார்த்துட்டா தாயி. மீதியை நீ பாரு."

அடுத்தவர் எலும்பு

எக்ஸ்ரே கொண்டுவாருங்கள் என்றால் கொண்டுவருவார்கள். யாருடையது என்று கேட்க வேண்டும். ஒருவர் கொண்டுவந்ததில் வேறு பேர் இருந்தது. அண்ணனுடையது. அவருக்கும் முதுகு, எனக்கும் முதுகு, ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே என்றார். நன்றாகச் சத்தம் போட்டு அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு நான் செய்ததையும் சொல்ல வேண்டும். தோளுக்கு வருகிறவர்களுக்கு உள்ளே டாக்டரம்மா சொல்லிக்கொடுப்பது தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு, மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் நானே செய்து பார்த்தேன். அது யாரோ வாலிபால் விளையாடுகிற பையனுக்குச் சொன்ன பயிற்சி. அவனுக்கு இருந்தது வேறு கோளாறு. ரப்பர் பட்டைக்குப் பதில் துண்டைக் கட்டி இழுத்தேன். அன்றைக்கு நெஞ்சு வரை வந்த கை மறுநாள் வயிறு வரைக்கும்தான் வந்தது. மாடசாமி ஷட்டரைத் தூக்கிவிட்டு, கைக்கு என்ன என்று கேட்டான். சொன்னேன். அவன் வடையை எடுத்துத் தாளில் வைத்துக் கொடுத்தான்.

"பக்கத்து வீட்டுக்காரன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பேப்பர் படிச்சிருக்கீரு வே. எப்படித் தெரியும்?"

மாடசாமி இல்லாத நாள்

பேத்திக்குக் காது குத்து என்று மாடசாமி கோவில்பட்டிக்குப் போய்விட்டான். முந்தின நாளே சொன்னான். இடது கை இருக்கிறது, சமாளித்துக்கொள்கிறேன் என்றேன். பூட்டைத் திறந்தேன். இடது கையால் தூக்கினேன். முழங்கால் உயரம் வந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். சிவகிரி தேங்காய் வியாபாரி பார்த்தார். நான் குனியக்கூடாது என்றார். பூ ஏலக்காரர், நான் கனம் தூக்கக்கூடாது என்றார். ராயகிரி அம்மா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நீங்கள் தள்ளி நில்லுங்கள் என்றேன். ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இத்தனை பேர் நிற்கிறோம், ஒரு ஷட்டரைத் தூக்க ஒருத்தர் உடம்புகூட நேராக இல்லை.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சாய்ந்த பக்கத்தைக் காலால் ஒரு தட்டு, கையால் ஒரு தூக்கு. போய்விட்டது. பிறகு என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, வலது கையைத் தூக்குங்க" என்றார். எல்லார் முன்னாலும். தூக்கினேன். நெஞ்சுக்குக் கீழேயே நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அன்றைக்கு மத்தியானமே ஷட்டர்காரன் வந்து அளவெடுத்தான். மோட்டார் வைக்கப் போகிறார்களாம். பட்டனை அமுக்கினால் தானாக மேலே போகுமாம். பட்டனை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம். டாக்டரம்மா சிரித்த முகமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது வேறு மாதிரி கேட்டது:

"இனிமே அந்த ஷட்டரை நீங்க தொடவே வேண்டாம் அண்ணாச்சி."

ஒரு போன்

வீட்டுக்குப் போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். வீட்டுக்காரி என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றேன். சாப்பிடவில்லை. அவளும் மேலே கேட்கவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஒரு ஆளுக்கு நேரம் வேணும்."

தெரிந்த குரல்தான். ஆனால் பழக்கதோஷம், கை பேனாவை எடுத்துவிட்டது. பேர் என்றேன். என் பேரைச் சொன்னாள்.

"விளையாடாத. இங்க ஆள் நிக்கி."

"நான் எங்க விளையாடுதேன்? வயசு எழுபது. வலது தோளு. போன தைப்பொங்கலுக்கு முன்னாலேருந்து. சுகர் உண்டு, பிரஷர் கிடையாது. ஆபரேஷன் இல்ல. எக்ஸ்ரே எடுக்கல, சொன்னா கேக்கல. கூட நான் வருவேன். வேற என்ன கேப்பிய?"

வேறு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் கேட்கும் முன்பே. நாளைக்குப் பூராவும் ஆள் இருக்கிறது என்றேன். அவள் விடவில்லை. "ராகு காலத்துக்கு ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு நீங்கதானே வீட்டுல வந்து புலம்புவிய. அந்த நேரத்தைப் போடுங்க" என்றாள். எதிரில் ஆள் நிற்கிறது. எழுதினேன். ஏன் இதை வீட்டில் சொல்லக் கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"வீட்டுல சொன்னா உங்க காதுல ஏறாது. போன்ல சொன்னா எழுதத்தானே செய்யணும், அதான் போட்டேன்."

என் முறை

ஊருக்கெல்லாம் சொன்னவன், நான் என்ன உடுப்பில் போனேன்? கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை. கழற்றவே தனி நேரம் ஆனது. வீட்டுக்காரி இழுத்தாள், டாக்டரம்மா பிடித்தார். உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "கரண்டு வைப்பீங்கள்லா?" என்பதுதான்.

கேள்விகள் வந்தன. வலி எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றார். ரெண்டு என்றேன். "எட்டு" என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்து. தூக்கம் எப்படி? நன்றாக வருகிறது என்றேன். "இந்தப் பக்கம் புரண்டா அம்மான்னு கத்துதாவ. தெருவுக்கே தெரியும்" என்றாள். இத்தனை மாசமும் நான் டாக்டரம்மாவிடம் காட்டிக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருக்கிறாள்; ஷட்டர் வாசலில் நடந்தது காதுக்கு எட்டிய பிறகுதான் போன் போட்டிருக்கிறாள். அதையும் அங்கே வைத்துச் சொன்னாள்.

டாக்டரம்மா கையைப் பிடித்து மெதுவாக ஏற்றிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அளந்தார். சுகர் உள்ளவர்களுக்குத் தோள் இப்படி இறுகுவது உண்டு, சரியாகும், ஆனால் மாசக்கணக்காகும், அவசரப்படக் கூடாது என்றார். முதலில் சூட்டு ஒத்தடம். பிறகு குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்ட வேண்டும். சுவரில் விரலால் நடந்து மேலே ஏற வேண்டும். கம்பைப் பிடித்துக்கொண்டு நல்ல கையால் கெட்ட கையைத் தள்ள வேண்டும். இங்கே வருவது கொஞ்ச நேரம்தான், வீட்டில் செய்வதுதான் வைத்தியம் என்றார். கரண்டு வைக்கவே இல்லை.

எழுந்திருக்கும்போது கேட்டுவிட்டேன். மோட்டார் வந்துவிட்டால் எனக்கு இங்கே என்ன சோலி? டாக்டரம்மாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்ததும் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஷட்டர் தூக்குறதுக்கா உங்களை வச்சிருக்கேன்? நீங்க சத்தம் போடலன்னா இங்க ஒருத்தரும் நேரத்துக்கு வரமாட்டாங்க அண்ணாச்சி. மோட்டாரை நிறுத்திவைக்கச் சொல்லுதேன். கார்த்திகைக்குள்ள உங்க கை மேல போயிட்டா மோட்டார் வேண்டாம். போகலன்னா வாங்கத்தான் செய்வேன்."

வீட்டு வைத்தியம்

வேலை நிலைத்துவிட்டது. கை நிலைக்க வேண்டும். வைராக்கியமாகத்தான் தொடங்கினேன். சுவர்ப் பயிற்சி சில நாள் ஓடியது. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஃபேனைப் பார்ப்பதைவிட மோசம். வலிக்கவும் செய்தது. நிறுத்திவிட்டேன். செய்தீர்களா என்று வீட்டுக்காரி கேட்டால் செய்தேன் என்பேன். டாக்டரம்மா கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் அளவுகோல் ஆமாம் சாமி போடவில்லை.

வீட்டுக்காரி சண்டை போடவில்லை. ஒருநாள் காலையில் காப்பி மேஜைக்கு வரவில்லை. எங்கே என்றேன். அடுப்படியில் இருக்கிறது என்றாள். போய்ப் பார்த்தால் சுவர் அலமாரியில், என் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே டம்ளர். இடது கையை நீட்டினேன். "அந்தக் கை இல்ல" என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். எப்படித் தெரிந்ததோ. விரலைச் சுவரில் வைத்து, ஏற்றி ஏற்றி, டம்ளரைப் பிடித்தேன். ஆறிப்போயிருந்தது. அன்று முதல் காப்பி கீழே வந்ததே இல்லை. ஒரு தட்டுக்குக் கை பழகினால் டம்ளர் அடுத்த தட்டுக்குப் போய்விடும். வலி அதிகமான அன்றைக்கு மட்டும், நான் ஒன்றும் சொல்லாமலே, ஒரு தட்டு இறங்கியிருக்கும். நான் கத்தியிருக்கிறேன். டீக்கடையில் குடித்துக்கொள்கிறேன் என்று கிளம்பியிருக்கிறேன். அங்கே மாடசாமி கிளாஸை போர்டுக்கு மேலே வைத்துவிட்டு நின்றான். இரண்டு பேரும் பேசிவைத்திருக்கிறார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு காலை. காப்பி மேல் தட்டில், பண்டிகைக்கு எடுக்கிற உருளிக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன். சூடாகக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் கை எங்கே போய் வந்தது என்று உறைத்தது. சட்டையை நானே மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் பூட்டைத் திறந்து, இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். கடைசிச் சாண் கொஞ்சம் இழுத்தது. போய்விட்டது. எதிரே மாடசாமி பாலை ஆற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"அப்போ நாளையிலேருந்து எனக்குச் சோலி இல்லையாவே? பரவால்ல, எனக்கும் இப்பம் தோளு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. நல்ல நேரமாப் பார்த்து ஒண்ணு எழுதும்."

ஆகவே அன்பர்களே, போன் போடுங்கள், எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள், தளர்வான சட்டையில் வாருங்கள், கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் என் தோள் ஏறியதற்கு ஊரில் ஆளாளுக்குப் பேர் வாங்கிக்கொண்டிருப்பதால் இதையும் எழுதிவைக்கிறேன்: வழி சொன்னது டாக்டரம்மா, கையை மேலே ஏற்றியது என் வீட்டுக்காரி கோமதி.